மூன்றாவது உறை

2017 செப்டெம்பர் 14, வியாழன்

காலை 152/94. மாலை 146/90.

இந்தக் கொப்பி இவருடைய பிரஷர் எழுதுவதற்காகக் கிளினிக் தாதி தந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். காலையில் இரண்டு எண், மாலையில் இரண்டு எண், அதோடு சரி. மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், பதினொரு வருஷம் கிளாக்காக இருந்தவளுக்கு வெள்ளைத்தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. தாதிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இவர் என்றால் என் கணவர் ஜெயசிங்கம். ஜூன் மாதம் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. இப்போது பொல்லைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறார். பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து அள்ளுவது போல அள்ள வேண்டியிருக்கிறது. நான் முதியோர் இல்லத்தில் வாரத்துக்கு நாலு நாள் சலவை வேலை. அறுபத்திரண்டு வயதில் அங்கே நாற்பது பேருடைய படுக்கை விரிப்பை மடித்துவிட்டு, இங்கே வந்து இவருடையதை மடிக்கிறேன். முழங்கால் என்னுடையதா வேறு யாருடையதா என்று தெரியவில்லை.

இன்று தபாலில் மூன்று உறை வந்தது. ஆஸ்திரேலியா முழுக்கக் கேட்கிறார்கள்: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் கட்டச் சட்டத்தை மாற்றலாமா? ஓம் அல்லது இல்லை, ஒரு பெட்டியில் புள்ளடி. நவம்பர் ஏழுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று, ஜெரோமுக்கு ஒன்று. ஜெரோம் எங்கள் ஒரே பிள்ளை. முப்பத்தொரு வயது, ரயில் பகுதியில் வேலை. நாலு வருஷமாக மரிக்வில்லில் இருக்கிறான், ஆனால் அவனுடைய கடிதமெல்லாம் இன்னும் வென்ட்வேர்த்வில்லுக்கு, இந்த வீட்டுக்குத்தான் வருகிறது. விலாசத்தை மாற்று, மாற்று என்று சொல்லிக் களைத்துவிட்டேன். பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைப்பேன், வரும்போது எடுத்துக்கொண்டு போவான்.

மூன்றையும் பிரிஜ்ஜுக்கு மேல் வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 17, ஞாயிறு

காலை 148/90. மாலை மறந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் அருந்தவம் அண்ணர் ஒலிவாங்கியைப் பிடித்தார். எங்கள் தமிழ்ச் சபையின் செயலாளர். பிடித்தால் விட மாட்டார். "எல்லாரும் இல்லை எண்டுதான் போடோணும். படிவம் விளங்காத ஆக்கள் மலர் அக்காவின்ர மேசைக்குப் போங்கோ" என்றார்.

மலர் அக்கா நான்தான். முழுப்பெயர் ஞானமலர். பென்ஷன் படிவம், வீட்டு வாடகைப் படிவம், பேரப்பிள்ளைக்குப் பாஸ்போர்ட் என்று இந்தச் சபையில் பாதிப்பேருடைய காகிதம் என் கையால் போனது. மண்டபத்தின் மூலையில் ஒரு மடக்கு மேசை, ஒரு கதிரை, இரண்டு பேனை. எனக்கு ஒரே ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துச் சொல்வேன், ஆள் வாயால் பதில் சொன்ன பிறகுதான் பேனை தாளில் படும். கச்சேரியில் நிவாரணப் படிவம் நிரப்பிய காலத்திலிருந்து அப்படித்தான். தெரிந்த ஆள், தெரிந்த பதில் என்றாலும் கேட்பேன். பிறகு வந்து "நான் அப்படிச் சொல்லேல்லையே" என்று யாரும் என்னிடம் வாய் திறந்ததில்லை.

இருபத்தாறு பேருக்கு நிரப்பினேன். இருபத்தைந்து இல்லை.

ஒன்று சின்னப்பு மாஸ்டர். எண்பத்துநாலு வயது, காது மந்தம். கேள்வியை இரண்டு தரம் கத்திச் சொன்னேன். "நான் மனுசியோட ஐம்பத்தாறு வருசம் இருந்தனான் பிள்ளை. அந்தக் கரைச்சல் மற்றவைக்கும் கிடைக்கட்டுமே. ஓம் எண்டு போடு" என்றார். மண்டபமே சிரித்தது. அருந்தவம் அண்ணர் சிரிக்கவில்லை, என் காதுக்குக் கிட்ட வந்து "அக்கா, அவருக்கு வயசு போய் அறளை பேந்திட்டுது. நீங்களாப் பார்த்து மற்றப் பெட்டியில போட்டுவிடுங்கோ" என்றார்.

"அவர் சொன்னதைத்தான் போடுவன். விருப்பமில்லையெண்டா மேசையைத் தூக்குங்கோ" என்றேன். மாஸ்டருக்கு ஓம் என்றே போட்டேன். எனக்கும் அந்த ஓம் பிடிக்கவில்லை. அதற்காக?

செப்டெம்பர் 19, செவ்வாய்

காலை 150/92. மாலை 144/88.

வேலை இல்லாத நாள். இவரைக் குளிப்பாட்டி, கையைப் பிடித்துப் பயிற்சி செய்வித்து, புட்டு அவித்து முடிய பதினொரு மணி. பிறகு பேனையை எடுத்தேன். எனக்கு: இல்லை. கலியாணம் என்றால் ஆணும் பெண்ணும், அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. இவருக்கு: இல்லை. மூன்றாவது உறையையும் உடைத்தேன், உள்ளே அதே தாள்தானா என்று பார்க்க. அதே தாள்தான். பேனை கையில் இருந்தது.

ஒரு வீட்டில் படிவத்தை ஒரு ஆள் நிரப்புவதுதான் வசதி. குடிசன மதிப்பும் நான்தான், ஜெரோமின் பல்கலைக்கழகப் படிவமும் நான்தான்.

தபாற்பெட்டி வரை நடந்துபோய் மூன்றையும் போட்டேன். வரும்போது பால் வாங்கினேன்.

செப்டெம்பர் 24, ஞாயிறு

காலை 146/90. மாலை 148/92.

ஜெரோம் போன் எடுத்தான். அப்பா சாப்பிட்டாரா, கை அசைகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, எனக்கு ஒரு கடிதம் வந்திருக்குமே, அந்த ஓட்டுக் கடிதம்?" என்றான்.

"இன்னும் வரேல்லை" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை. அடுத்த கிழமை வருகிறானாம். லியமும் வருகிறானாம்.

அக்டோபர் 1, ஞாயிறு

காலை 144/88. மாலை 140/86.

கோடைகாலம் வருகிறது என்று இன்று மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு ஒரு மணித்தியால நித்திரை போச்சு. ஆராதனைக்குப் போகவில்லை. நண்டுக் கறி வைத்தேன்.

லியம் ஜெரோமின் ரூம்மேட். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தரம் அவர்களுடைய பிளாட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரு அறைதான். சிட்னி வாடகை அப்படி. வெள்ளைக்காரப் பெடியன் என்றாலும் கையால் சாப்பிடுவான். உறைப்பில் கண்ணீர் ஓட ஓட இன்னொரு கரண்டி கேட்பான். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் ஜெரோமோடு அவனும் வந்தான். எனக்கு இவருடைய முகத்தில் சவர அலகு வைக்கக் கை நடுங்கும். அவன்தான் சேவ் எடுத்துவிட்டான், வாய் கோணிய பக்கத்தைப் பெருவிரலால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு. நல்ல பெடியன். கெட்டவன் என்றால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

சாப்பாடு முடிந்து லியம் பின்பக்கத்தில் இவருக்குச் சேவ் எடுத்துக்கொண்டிருந்தான். ஜெரோம் என்னோடு நின்று கோப்பை கழுவினான்.

"அம்மா, உங்களுக்கும் அப்பாவுக்கும் கடிதம் வந்திட்டுதோ?"

"வந்து அனுப்பியும் ஆச்சு."

"என்ன போட்டனீங்கள்?"

"அது என்ர விஷயம்."

"விளங்கிட்டுது" என்றான். கொஞ்ச நேரம் ஒரே கோப்பையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "அம்மா, இது எனக்கும் லியமுக்கும் ஆன விஷயம். உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்கு ஒண்டும் தெரியாது. குழாயைப் பூட்டு, தண்ணி போகுது."

பூட்டினான். என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சரி அம்மா. உங்கட ஓட்டு உங்கட. நீங்கள் ரெண்டு பேரும் இல்லை எண்டு போட்டாலும் இந்த வீட்டில இருந்து என்ர ஒண்டு ஓம் எண்டு போகும். எனக்கு அது காணும்" என்றான்.

நான் துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தேன்.

"கடிதம் இன்னும் வரேல்லையெண்டா வேற ஒண்டு கேட்டு எடுக்கலாமாம். இருபதாம் திகதி மட்டும்தான் கேக்கலாம். கேக்கட்டோ?"

"ஏன் அவசரப்படுறாய்? இந்தப் பக்கம் தபால் பிந்தித்தான் வருது. வந்தா உடனே சொல்லுறன்."

"சரி அம்மா" என்றான். சின்ன வயதில் பல்லுப் பிடுங்க நோகாது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனபோதும் இப்படித்தான் "சரி அம்மா" என்றான்.

மிச்ச நண்டுக் கறியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

காலை 148/90. தலையிடி. இவருக்கு இல்லை, எனக்கு.

அக்டோபர் 8, ஞாயிறு

காலை 150/90. மாலை 150/92.

ஆராதனைக்குப் பிறகு தேநீர் ஊற்றும் இடத்தில் அருந்தவம் அண்ணர் பெண்களைக் கூட்டி வைத்துக் கதைத்தார். "எங்கட பெடி பெட்டையள் பள்ளிக்கூடத்தில படிச்சு மூளை கழுவுப்பட்டுப் போச்சுதுகள். தபால் வீட்டுக்குத்தானே வருது. அம்மாமார் பார்த்துப் போட்டுவிடுங்கோ."

நாலைந்து பேர் சிரித்தார்கள். "நான் எப்பவோ போட்டாச்சு அண்ணர்!" என்று ஒருத்தி தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். ஏதோ பெடியன் ஒளித்து வைத்த சிகரெட்டைக் குப்பையில் போட்ட மாதிரிச் சொன்னாள்.

"அது பிழை. ஆளைக் கேக்காமல் ஆரின்ர படிவத்திலும் கை வைக்கப்படாது" என்று என் வாய் சொன்னது. சத்தமாகத்தான் சொன்னது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருந்தவம் அண்ணரின் மனைவி ரஜனி, "மலர் அக்கா, அப்ப உங்கட ஜெரோமின்ரய என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். ஜெரோமுக்குக் கலியாணம் பேச டொரொண்டோவில் ஒரு பிள்ளை பார்த்து வைத்திருக்கிறாள், அந்த அக்கறை.

தேநீர் சூடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கார் நிறுத்துமிடத்தில் நின்றேன். இருபத்தாறு பேரைக் கேட்டேன். சின்னப்பு மாஸ்டரின் காதுக்குள் கத்திக் கத்திக் கேட்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

காலை 152/94.

மதிய இடைவேளையில் சலவை அறைக்குப் பின்னால் நின்று, அந்தப் படிவக்காரருடைய உதவி எண்ணுக்கு எடுத்தேன். ஒருவருடைய படிவம் தவறுதலாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அந்தப் பிள்ளை தன்மையாகச் சொன்னாள். இருபதாம் திகதி மாலை ஆறு மணிக்குள் அந்த ஆள் தானே கேட்டால் புதியது அனுப்புவார்களாம், பழையது செல்லாமல் போய்விடுமாம். பிறகு, "உங்களுடைய பெயர் என்ன?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலை 154/92. மாலை 152/94.

ஜெரோமிடமிருந்து செய்தி: "வந்ததோ அம்மா?"

"நாளைக்குத் தபால் பார்க்கிறன்" என்று அனுப்பினேன். அவன் ஒரு இதயப் படம் அனுப்பினான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கூடை உடுப்பு மடித்தேன். இன்னும் ஐந்து நாள். அவன் கேட்காமல் விட்டால் அவனுடைய பெயரில் என்னுடைய இல்லை நிற்கும். கேட்டால், முந்தியது ஏற்கெனவே வந்துவிட்டதே என்று அவர்கள் சொன்னாலும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நான்தான் நிற்கிறேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலை 168/98.

பிரஷர் பட்டியைக் கையில் சுற்றினால் இவர் பேசக் கூடாது, எண் ஏறிவிடும் என்று தாதி சொல்லியிருக்கிறாள். சுற்றி, பொத்தானை அழுத்தி, காற்று ஏறத் தொடங்கிய நேரம் பார்த்து இவர் வாயைத் திறந்தார்.

"மலர்... எனக்கு... என்ன... போட்டனீ?"

"என்ன, புட்டுத்தான். சம்பலும் இருக்கு."

"இல்லை. அந்த... கடிதத்தில."

"கதையாதேங்கோ, ஏறுது."

"என்ன... போட்டனீ?"

"இல்லை எண்டு. வேற என்னத்தைப் போடுறது?"

இவர் கண்ணை மூடினார். எண் ஓடிக்கொண்டிருந்தது. நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். பட்டியைக் கழற்றும்போது சொன்னார்: "என்னை... கேக்கேல்லை."

முப்பத்திநாலு வருஷம் ஒரு கட்டிலில் படுத்திருக்கிறோம். சம்பந்தம் பேச வந்த நாளில் இருந்து இந்த மனுஷனுக்காக நான்தான் பேசுகிறேன். வங்கியில், வைத்தியரிடம், விமான நிலையத்தில். இவரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

இடது கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவினார், லியம் சேவ் எடுத்த கன்னத்தை. "ஓம்" என்றார். அந்தச் சொல் மட்டும் இழுக்காமல் வந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. "உங்களுக்குத் தெரியுமோ? எவ்வளவு நாளாத் தெரியும்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" என்று கத்தினேன்.

"உனக்கும்... தெரியும்" என்றார்.

குசினிக்குள் போய் அழுதேன். அழுது முடித்துப் புட்டைச் சூடாக்கினேன்.

அக்டோபர் 18, புதன்

காலை 150/90. மாலை 144/88.

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, உதவி எண்ணுக்கு மறுபடி எடுத்தேன். இந்தத் தரம் பெயர் சொன்னேன். என் கணவரைக் கேட்காமல் நிரப்பிவிட்டேன், அவருக்குப் புதியது வேண்டும் என்றேன். அவரே பேச வேண்டும் என்றார்கள். போனை இவருடைய காதில் பிடித்தேன். தன் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லி முடிக்க இவருக்கு நாலு நிமிஷம் எடுத்தது. மறுபக்கத்துப் பெடியன் அவசரப்படுத்தவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 19, வியாழன்

காலை 146/88.

பக்கத்து வீட்டு அன்னம்மாவை இவரோடு இருக்கச் சொல்லிவிட்டு மரிக்வில்லுக்கு ரயில் எடுத்தேன். ரெட்பேர்னில் மாறி ஏற வேண்டும், படி, படி, படி. கைப்பையில் ஜெரோமின் மூன்றாவது உறை. உள்ளே ஒன்றும் இல்லை, அவன் பெயர் தெரியும் வெளி உறைதான். பிஸ்கட் டின்னுக்குள் அதை ஏன் பத்திரமாக வைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. காகிதம் எதையும் எறிந்து பழக்கமில்லை.

லியம்தான் கதவைத் திறந்தான். ஜெரோம் வேலை உடுப்போடு இருந்தான். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து முகம் வெளுத்துப்போனது. "அப்பா சுகம்" என்று முதலில் சொன்னேன். பிறகு உறையை மேசையில் வைத்தேன்.

"வந்திட்டுதோ?" என்று சந்தோஷமாக எடுத்தான். உடைத்திருந்தது. உள்ளே பார்த்தான்.

"இது செப்டெம்பர் பதினாலாம் திகதி வந்தது. நான் போட்டு அனுப்பிட்டன்."

"என்ன போட்டு?"

"இல்லை எண்டு."

லியமுக்குத் தமிழ் விளங்காது. தேநீர் கொண்டுவந்து வைத்தான், எனக்கு இரண்டு கரண்டி சீனி என்று அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஜெரோம் உறையை மடித்தான், விரித்தான், திரும்ப மடித்தான்.

"நீங்கள் உங்களுக்கு என்னவும் போடுங்கோ அம்மா. நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு எப்பிடிப் போடுவீங்கள்? என்ர பேரில? என்னை வேண்டாம் எண்டு என்ர கையாலயே எழுதின மாதிரி."

"பிழைதான் ராசா."

"சபையில எல்லாரையும் கேட்டுக் கேட்டு எழுதுவீங்கள். என்னைக் கேக்கேல்லை."

"கேட்டா நீ என்ன சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் கேக்கேல்லை."

இதைச் சொன்ன பிறகுதான் இது உண்மை என்று எனக்கே விளங்கியது.

"நாளைக்கு ஆறு மணிக்குள்ள வேற ஒண்டு கேள். பழையது செல்லாமப் போயிடும். நான் விசாரிச்சனான்" என்றேன்.

"வீட்ட போங்கோ அம்மா" என்றான். கதவு வரைக்கும் வரவில்லை.

லியம் என் முழங்காலைப் பார்த்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தான். வென்ட்வேர்த்வில் வரை முக்கால் மணித்தியாலம். இவருடைய தாடையில் ஒரு இடத்தில் மயிர் எதிர்ப் பக்கமாக வளர்கிறது, அங்கே மட்டும் அலகை மேலிருந்து கீழே கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தான். நான் "யெஸ், யெஸ்" என்றேன். ஜெரோம் இரவைக்குச் சொல்லுவான். சொன்ன பிறகு இந்தப் பெடியன் என்னை எப்படிப் பார்ப்பான்?

அக்டோபர் 20, வெள்ளி

மாலை 5.10க்கு ஜெரோமின் செய்தி: "கேட்டாச்சு." வேறு ஒன்றும் இல்லை. இதயப் படமும் இல்லை.

அக்டோபர் 27, வெள்ளி

காலை 142/86. மாலை 138/84.

இவருடைய புதிய படிவம் வந்தது. கேள்வியை வாசித்துச் சொன்னேன், முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். "ஓம்" என்றார். நான் பேனையை எடுக்க, இவர் இடது கையை நீட்டினார். தாளை நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். புள்ளடியின் ஒரு கோடு பெட்டிக்குள் விழுந்தது, மற்றக் கோடு கொஞ்சம் வெளியே போனது. வேர்த்துவிட்டது மனுஷனுக்கு.

"உன்ர?" என்று கேட்டார்.

"நான் போட்டது போட்டதுதான். அது என்னைக் கேட்டுப் போட்டது."

இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது, ஆனால் சிரிப்புத்தான்.

நவம்பர் 5, ஞாயிறு

காலை 140/86.

இனிமேல் மேசைக்கு வர மாட்டேன் என்று அருந்தவம் அண்ணரிடம் சொன்னேன். ஏன் என்றார். "என்ர மகன்ர படிவத்தை அவனைக் கேக்காமப் போட்டனான். இனி மற்றவையின்ர காகிதத்தில கை வைக்க எனக்கு முகம் இல்லை" என்றேன். "அக்கா, அது ஒரு விஷயமே? நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்றார். அவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை. ரஜனி மட்டும் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்தாள். டொரொண்டோப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜெரோம் வரவில்லை. இவரோடு போனில் கதைக்கிறான், நான் எடுத்தால் "அப்பாட்டக் குடுங்கோ" என்கிறான்.

நவம்பர் 15, புதன்

காலை 144/88. மாலை 138/84.

முடிவு வந்துவிட்டது. சலவை அறை ரேடியோவில் கேட்டேன். நாடு முழுக்க ஓம், நூற்றுக்கு 61.6. என்னோடு வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண் கை தட்டினாள், மற்றவள் சிலுவை போட்டுக்கொண்டாள். மாலையில் ரிவியில் தொகுதி தொகுதியாகக் காட்டினார்கள். எங்கள் பரமற்றா தொகுதி இல்லை என்று போட்டிருக்கிறது. அதுவும் 61.6. எங்கள் சபை, பக்கத்துப் பள்ளிவாசல், அடுத்த தெரு, எல்லோரும் சேர்ந்து போட்ட இல்லை. அதில் ஒன்று என்னுடையது. அதற்காக நான் அழவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. தோற்றோமா வென்றோமா என்றுகூட யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

சட்டம் என்னவும் ஆகட்டும். என் பிள்ளை என்னோடு கதைத்து இருபத்தேழு நாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

காலை 138/84.

ஜெரோம் வந்தான். முன்பே இவரிடம் சொல்லியிருக்கிறான். இவர் என்னிடம் சொல்லவில்லை, நல்ல ஆள். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். அது பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். "இரு" என்றேன். "நேரமில்லை, லியம் காருக்குள்ள நிக்கிறான்" என்றான்.

"இந்த வெயிலுக்கயோ? ஏன் உள்ள வரேல்லை?"

"வரலாமோ எண்டு உங்களைக் கேக்கச் சொன்னவன்."

கேட்க என்ன இருக்கிறது என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "வரச் சொல்லு" என்றேன்.

லியம் வந்து இவருக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும், முகத்தில் தெரிந்தது. என்றாலும் "ஹலோ அம்மா" என்றான். முன்பும் அப்படித்தான் சொல்லுவான். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜெரோம் ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சான்றிதழைப் பார்த்தான். கலியாண அறிவித்தல் படிவம். புதுச் சட்டம் நேற்று நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்பே கொடுக்க வேண்டுமாம். இவருடைய பெயரில் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தான், சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. எனக்குக் கை தினவெடுத்தது. "தா, நான் நிரப்புறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் உடம்பு கூசியது.

ஜெரோம் தாளுக்கு மேல் கையை வைத்துக்கொண்டான். பிறகு தாளை மெல்ல என் பக்கம் தள்ளினான். "கேட்டுக் கேட்டு எழுதோணும்" என்றான்.

"ஓம்" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பெட்டியில் இருந்து தொடங்கினேன். உன் முழுப்பெயர்? சொன்னான், எழுதினேன். தொழில்? பிறந்த இடம்? ஒவ்வொன்றாகக் கேட்டேன். எனக்குத் தெரிந்ததையும் கேட்டேன், நான் பெற்ற நாளையும் கேட்டேன். அவனும் சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். லியமை ஆங்கிலத்தில் கேட்டேன், அவன் தன் தகப்பனுடைய பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னான். ஜெரோமின் தகப்பன் பெயருக்கு இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தானே சொன்னார், நான் பொறுத்திருந்து எழுதினேன்.

அடுத்தது தாயின் முழுப்பெயர்.

பேனையைத் தூக்கிக்கொண்டேன். "தம்பி, என்ர பேரைப் போடவோ?" என்று கேட்டேன்.

ஜெரோம் என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். இவர் ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். நான் பேனையோடு காத்திருந்தேன்.

"போடுங்கோ அம்மா" என்றான்.

போட்டேன்.

மாலை 134/82.